துணியை விடுங்கள், முதலில் இடுக்கைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்காக 50 ரூபாய்க்குள் மாஸ்க் தைத்து விற்க யோசனை. இரண்டு அடுக்குப் பருத்தி, நடுவில் கருப்பு கார்பன் துணி, துவைத்துத் துவைத்துப் போடலாம். சரிவருமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மண் தூசிக்குச் சரிவரும், வண்டிப் புகைக்கு வராது. மாலையில் கழற்றும்போது துணி கறுத்திருப்பதைப் பார்த்தால் எவ்வளவு தடுத்திருக்கிறது என்று தோன்றும், ஆனால் அதில் பெரும்பகுதி நம் மூக்கே பிடித்துவைக்கக்கூடிய பெரிய தூசி. நுரையீரலின் அடிவரை போவது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். டீசல் கரி அதைவிடவும் பொடிசு, பருத்தி நூல்களுக்கு நடுவே தாராளமாக நுழைந்துவிடும். இன்னும் நெருக்கமாக நெய்த துணியைப் போட்டால் மூச்சு முட்டும், முட்டினால் காற்று துணி வழியாக வராமல் ஓரத்து இடுக்கு வழியாக வரும்.

என்-95 வகை மாஸ்க்கில் நடுவே இருப்பது மெல்ட்-ப்ளோன் என்ற, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் இழைகளால் ஆன விரிப்பு. அதன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். அது நுண்துகளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்வதால் இழைகளை ரொம்ப நெருக்க வேண்டியதில்லை, மூச்சும் சுலபமாகப் போய்வரும். சோப்புப் போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் அடித்தாலோ அந்த மின்னூட்டம் குறைந்துவிடும், அதனால் ‘துவைக்கலாம்’ என்ற விளம்பரத்தை மறந்துவிடுங்கள். மூச்சு விடக் கஷ்டமாகும் வரை, அல்லது நனைந்து, கிழிந்து, எலாஸ்டிக் தளரும் வரை போட்டுவிட்டுத் தூக்கிப்போடுவதுதான் முறை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் ஒரே மாஸ்க் பல நாள் வரும், விலையை அப்படிக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், வாங்குகிறவருக்கும் புரியும்.

அப்புறம் தைப்பவர் என்பதால் உங்களுக்கு முக்கியமாக ஒன்று: ஊசி போகிற இடமெல்லாம் ஓட்டை. நடு விரிப்பின் மேல் தையல் ஓட்டாதீர்கள், அல்ட்ராசோனிக் வெல்டிங்கில், அதாவது ஊசி இல்லாமல் அதிர்வால் உருக்கி ஒட்டுங்கள், முடியாவிட்டால் முகத்தில் அழுந்தும் கோட்டுக்கு வெளியே மட்டும் தையுங்கள். பை மாதிரித் தைத்து உள்ளே ஃபில்டர் செருகும் மாடலும் வேண்டாம், செருகியதைச் சுற்றிக் காற்று வந்துவிடும். மிச்சம் பிடிக்கிற காசை மூக்குக் கம்பியிலும் எலாஸ்டிக்கிலும் போடுங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டைகள் நன்றாக இறுக்கும், ஹெல்மெட்டைக் கழற்றும்போது மாஸ்க்கும் கூட வராது. குறைந்தது இரண்டு அளவுகளாவது வெட்டுங்கள், கல்லூரிப் பெண்ணுக்கும் லாரி டிரைவருக்கும் ஒரே முகமா?

இந்த வகை மாஸ்க்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 9473, அதில் எஃப்.எஃப்.பி.2 என்ற பிரிவு என்றால் குறைந்தது 94 சதவீதத் துகளை வடிகட்ட வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் அட்டையில் எதையும் அச்சடிக்காதீர்கள்.

கேள்வி: ஈரக் கைக்குட்டை கட்டினால் போதும் என்கிறார் அப்பா. நான் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுகிறேன். யார் சரி? (கோவை வாசகி)

பதில்: வெயிலுக்கு நீங்கள் சரி. புகைக்கு இரண்டு பேருமே இல்லை. ஈரத்துணியில் மூச்சு விடுவது இன்னும் கஷ்டம். நல்ல மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் போட்டு அதற்கு மேல் துப்பட்டாவைச் சுற்றுங்கள், அடியில் மடிப்பு மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாஸ்க் போட்டும் சிக்னலில் பஸ் புகை நாற்றம் அடிக்கிறது. மாஸ்க் வேலை செய்யவில்லையா? கண்ணாடியும் மூடுபனி ஆகிவிடுகிறது. (ஆவடி வாசகர்)

பதில்: நாற்றம் வாயு, மாஸ்க் பிடிப்பது துகள். கார்பன் அடுக்கு நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும், கார்பன் மோனாக்சைடை அதுவும் பிடிக்காது, ஆகவே பஸ்ஸுக்கு நேர் பின்னால் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விதான் கவலைக்குரியது. கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மூக்கு மேட்டில் இடுக்கு இருக்கிறது. கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கோடு அழுத்தி வளையுங்கள். தாடி வைத்திருந்தால் எந்த விலை மாஸ்க்கும் சரியாக ஒட்டாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வால்வு வைத்த மாஸ்க் வாங்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: புகைக்கு மட்டும் என்றால் வாங்கலாம், வெளிமூச்சு சுலபமாகப் போவதால் உள்ளே வியர்வை குறையும். சளி, காய்ச்சல் இருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள், நீங்கள் விடும் மூச்சை அது வடிகட்டாது.