காட்டாட்டுக் கறி வாங்கலாமா? முழு ஆடு வாங்கி பங்கு போட்டா லாபமா?

கேள்வி: கம்பம் பக்கத்துல கூடலூர்ல இருக்கோம். வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு ஒருத்தர் குமுளிக்கு மேல எஸ்டேட்ல வேலை பாக்குறாரு, காட்டாட்டுக் கறி கிலோ 1200 ரூபாய்னு கொண்டு வந்து தரேங்கிறாரு, தீபாவளிக்கு 5 கிலோ சொல்லலாமான்னு யோசிக்கிறோம். என் தம்பி நியூசிலாந்துல இருக்கான், அங்க காட்டு ஆட்டைச் சுட்டு வீட்லயே வெட்டி ஃப்ரீசர் நிறைய வச்சிருக்கான். அங்க சரின்னா இங்க மட்டும் ஏன் தப்பு?

பதில்: வாங்காதீங்க தங்கச்சி. அட்வான்ஸ் குடுத்திருந்தாலும் காசு போனாப் போகுது, வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிருங்க.

நம்ம மலையில காட்டாடுன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு கேளையாடு, பேருதான் ஆடு, உண்மையில அது மான் ஜாதி, மலையாளத்துல கேழன்னு சொல்வாங்க. இன்னொண்ணு வரையாடு, நம்ம மாநில விலங்கு, உலகத்துலயே தமிழ்நாடு, கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பக்கம் 1031தான் தேறுச்சு. மூணாறு இரவிகுளத்துல அது குட்டி போடுற சீசன்ல பார்க்கையே பூட்டிர்றாங்க, அந்த அளவுக்குப் பாத்துப் பாத்து காப்பாத்திட்டு வர்றாங்க. ரெண்டுமே 1972 வன உயிரினச் சட்டத்துக்குள்ள வருது, வரையாடு அதுல முதல் அட்டவணை, புலி யானை இருக்குற அதே லிஸ்ட். அதுல மாட்டுனா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் 25,000க்குக் குறையாது. சுட்டவருக்கு மட்டும்தான் கேஸ்னு நினைச்சிராதீங்க, வாங்குனவங்க, வீட்டுல வச்சிருக்கவங்க எல்லாருமே உள்ள வருவாங்க, அந்தச் சட்டத்துல கறின்னா பச்சையா இருந்தாலும் சமைச்சதா இருந்தாலும் கறிதான், அதனால குழம்பு வச்சாச்சு இனி யாருக்குத் தெரியும்னு இருக்க முடியாது.

உங்க தம்பி விஷயம் முழுக்க வேற. நியூசிலாந்துல வௌவாலைத் தவிர சொந்தமா தரையில பாலூட்டி விலங்கே கிடையாது, ஆடெல்லாம் 18ஆம் நூற்றாண்டுல கேப்டன் குக் காலத்துல இருந்து கப்பல்ல கொண்டு போய் விட்ட வீட்டு ஆட்டோட வம்சம், அது பெருகி அங்க இருக்குற காட்டையே மேஞ்சு அழிக்குது, அதனால கவர்மென்டே பர்மிட் குடுத்துச் சுடச் சொல்லுது. துப்பாக்கிக்கு லைசன்ஸ் தனியா வேணும். அங்க ஆடு காட்டை அழிக்குது, இங்க நாம ஆட்டை அழிச்சிட்டிருக்கோம்.

வாங்குறவங்களா யோசிச்சாலும் இது மோசமான வியாபாரம். என்னைக்கு செத்துச்சு, கண்ணியில மாட்டி ரெண்டு நாள் கிடந்து செத்துச்சா, வெயில்ல எவ்வளவு நேரம் பையில வந்துச்சு, எதுவும் தெரியாது. கெட்டுப்போயிருந்தா யார்கிட்ட போய்க் கேப்பீங்க, பில் இருக்கா, கடை இருக்கா? அந்த 6000 ரூபாயோட கொஞ்சம் போட்டு நாலு வீடு சேர்ந்து ஒரு முழு ஆடு வாங்குங்க, அடுத்த கேள்வி அதைப் பத்தித்தான்.

கேள்வி: போடிநாயக்கனூர்ல இருந்து எழுதறேன் அண்ணே. நாலு வீடு சேர்ந்து சந்தையில உயிரோட ஆடு வாங்கி அறுத்துப் பங்கு போடலாம்னு இருக்கோம். 25 கிலோ ஆடு 10,000 சொல்றாங்க. கடையில வாங்குறதை விட லாபமா? எப்படிப் பாத்து வாங்குறது?

பதில்: தம்பி, முதல்ல கணக்கு. உயிர் எடையில பாதி கூட கறியா நிக்காது, வெள்ளாட்டுக்கு எலும்போட 45ல இருந்து 48 சதவீதம்னு வச்சுக்கங்க. 25 கிலோவுக்கு பதினொண்ணேகால்ல இருந்து பன்னெண்டு கிலோ. 10,000ஐ அதால வகுத்தா கிலோ 830ல இருந்து 890 வரைக்கும் வந்துருது, வீட்டுக்கு மூணு கிலோவுக்கு மேல வராது. ஆனா தலை, கால், ஈரல், குடல், ரத்தம் எல்லாம் இதுக்கு மேல கிடைக்குது, அதைச் சாப்பிடுற வீடா இருந்தா லாபம், எங்க வீட்டுல குடல் யாரும் தொடமாட்டாங்கன்னா பேசாம கடையில கண்ணு முன்னாடி வெட்டி வாங்கிக்கங்க.

எடைதான் ஏமாத்துற இடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே ஒரு சந்தையில 22 கிலோன்னு வாங்கிட்டு வந்தேன், ராத்திரி கட்டிப்போட்டு காலையில திரும்ப நிறுத்தா 20தான் இருந்துச்சு, உப்பு நக்க விட்டு வயிறு முட்டத் தண்ணி காட்டிருக்காங்க, ரெண்டு கிலோ தண்ணிக்கு காசு குடுத்திருக்கேன்னு நினைச்சப்ப மனசு ஆறவே இல்ல. அதனால வயித்தைத் தட்டிப் பாருங்க, இடது பக்கம் உப்பி கல்லு மாதிரி இருந்தா விலையில குறைச்சுக் கேளுங்க. முதுகெலும்பை விரல்ல தடவிப் பாருங்க, முள்ளு முள்ளா குத்துனா கறி இல்ல. தராசுல அரசாங்க முத்திரை இருக்கணும், எலக்ட்ரானிக் தராசுன்னா வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை புதுப்பிக்கணும், கடையில எடையில ஏமாத்துனா 1915க்கு போன் போட்டுச் சொல்லலாம்.

வயசுக்கு கீழ்ப்பல்லைப் பாக்கணும். எல்லாம் சின்னச் சின்ன பால் பல்லா இருந்தா ஒரு வயசுக்கு உள்ள, ரெண்டு பெரிய பல்லு வந்திருந்தா ஒண்ணு ஒண்ணரை வயசு, நாலு பல்லுன்னா ரெண்டு வயசு பக்கம். நமக்கு பால் பல்லு இல்லன்னா ரெண்டு பல்லு, அதுக்கு மேல குக்கர் விசில் கூடிக்கிட்டே போகும். கிடான்னா காயடிச்சதா கேளுங்க, அடிக்காத பெரிய கிடாவுல வாடை வரும். செனை ஆடு வேண்டவே வேண்டாம், பாவமும் கூட, அறுக்கவும் சட்டத்துல இடம் இல்ல.

அறுக்குற அன்னைக்கு. முந்தின ராத்திரியே தீனியை நிறுத்திருங்க, தண்ணி மட்டும் வைங்க, குடல் காலியா இருந்தா கிழியாம வரும். டவுனுக்குள்ள இருந்தா நகராட்சி அறுவைக்கூடத்துல குடுத்துருங்க, அதுதான் முறை. கூலி எவ்வளவு, தோல் யாருக்குங்கிறதை ஆட்டை அவுக்குறதுக்கு முன்னாடியே பேசிருங்க, அப்புறம் பேசுனா சண்டைதான். தொங்கவிட்டு உரிக்கச் சொல்லுங்க, ரத்தம் நல்லா வடியும், ரோமம் கறியில ஒட்டாது, தோலைத் தொட்ட கையாலயே கறியைத் தொடக்கூடாது. வயித்தைத் திறக்கும்போது கத்தி ஆழமா போகக்கூடாது, ஈரல்ல ஒட்டிருக்குற பித்தப்பை உடைஞ்சா அந்தப் பக்கமே கசந்துரும்.

பங்கு போடும்போது தொடை ஒரு வீட்டுக்கு நெஞ்செலும்பு ஒரு வீட்டுக்குன்னு பிரிக்காதீங்க. தொடை, சப்பை, நெஞ்சு, கழுத்து ஒவ்வொண்ணையும் நாலாப் பிரிச்சு நாலு குவியல் வச்சு, எந்தக் குவியல் யாருக்குன்னு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்க, எங்க ஊர்ல அப்படித்தான், யாருக்கும் மனக்குறை வராது.

கேள்வி: வண்டிப்பெரியாறு. எஸ்டேட் லயத்துல இருக்கோம், கரண்ட் அடிக்கடி போகும். ஃப்ரிட்ஜ்ல வச்ச கறி ரப்பர் மாதிரி ஆகுது. தனியா ஃப்ரீசர் வாங்கணுமா? எங்க அக்கா உப்புக்கண்டம் போடச் சொல்றாங்க, எது நல்லது?

பதில்: ரப்பர் ஆகுறதுக்குக் காரணம் ஃப்ரிட்ஜ் இல்லம்மா, அவசரம். அறுத்த கொஞ்ச நேரத்துல கறி விறைக்கும், அந்த விறைப்பு விடுறதுக்குள்ள ஃப்ரீசர்ல தள்ளுனா நார் சுருங்கி அப்படியே நின்னுரும். சுத்தமான பாத்திரத்துல மூடி கீழ் ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வச்சு, மறுநாள் அரை அரை கிலோவா பிரிச்சு, காத்தை அமுக்கி வெளியேத்தி, தட்டையா கட்டி ஃப்ரீசர்ல வைங்க, தேதி எழுதிருங்க. கழுவி வைக்காதீங்க, சமைக்கும்போது கழுவிக்கலாம். கீழ் ஃப்ரிட்ஜ்லன்னா ரெண்டு மூணு நாள்தான், ஈரல் அன்னைக்கே. எடுக்கும்போதும் முந்தின நாள் கீழ இறக்கி மெதுவா உருக விடுங்க, உருகுனதைத் திரும்ப ஃப்ரீஸ் பண்ணக்கூடாது.

ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜோட ஐஸ் பெட்டி மாசக்கணக்குல வைக்கிறதுக்கு இல்ல, ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிருங்க. மைனஸ் 18 டிகிரி நிக்கிற தனி ஃப்ரீசர்னா நாலஞ்சு மாசம் ருசி குறையாது. மேல மூடி திறக்குற பெட்டி மாதிரி மாடலா பாருங்க, கதவு திறந்தாலும் குளிர் கீழயே நிக்கும். அது நிறைஞ்சிருந்து திறக்காம இருந்தா கரண்ட் இல்லாம ரெண்டு நாள் தாங்கும், பாதிதான் இருந்தா ஒரு நாள், அதனால காலி இடத்துல தண்ணி பாட்டில் அடுக்கி வைங்க. கம்ப்ரஸருக்கு எத்தனை வருஷம் வாரண்டி, மத்ததுக்கு எத்தனைன்னு தனித்தனியா கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, உங்க லைனுக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம்.

ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை அறுக்குறதுக்காக இதை வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு ரெண்டு ஆடே வாங்கலாம். அக்கா சொல்றதுதான் சரி, என்ன ஒண்ணு, உங்க ஊர் மழையிலயும் மூடுபனியிலயும் உப்புக்கண்டம் காயாது, பூஞ்சை புடிச்சிரும். மார்கழி கழிஞ்சு நல்ல வெயில் அடிக்கிற மாசத்துல, இல்லன்னா கீழ கம்பத்துல சொந்தக்காரங்க மாடியில போடுங்க. கொழுப்பை ஒரு துளி விடாம எடுத்துருங்க, அதுதான் காறிப்போகும். எலும்பில்லாம நீள நீளமா அறுத்து உப்பு, மஞ்சள், மிளகாய் அரைச்சுத் தடவி ஒரு ராத்திரி ஊற விட்டு, நூல்ல கோத்துக் கொடி கட்டி, மேல மெல்லிசா வெள்ளைத் துணி போடுங்க, ஈ உக்காராது. சாயங்காலம் பனி விழறதுக்குள்ள உள்ள எடுத்துரணும். நாலஞ்சு நாள் வெயில்ல காஞ்சு, ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஒரு நாள் காய வைங்க.