எம்.ஏ.ஓ-ஏ (மோனோஅமீன் ஆக்சிடேஸ் நொதியின் ஏ வகை) தடுப்பானான குளோர்ஜிலின் போட்டும் பாதி நொதிச் செயல்பாடு மிஞ்சுகிறதா?

எலி ஈரல் மைட்டோகாண்டிரியாவில் 100 நானோமோலார் குளோர்ஜிலினும், நொதி ஆக்சிஜனேற்றும் வினைப்பொருளான டைரமினும் ஒன்றாகச் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். குளோர்ஜிலின் மீளாத் தடுப்பான்; நொதியின் துணைக்காரணியான எஃப்.ஏ.டி.யோடு சகப்பிணைப்பு உருவாக நேரம் வேண்டும். டைரமினும் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால் பிணைப்பு இன்னும் மெதுவாகும். முதலில் தடுப்பானை மட்டும் சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள், பிறகு டைரமின்.

அப்படியும் மிஞ்சினால் அது பெரும்பாலும் எம்.ஏ.ஓ-பி (அதே நொதியின் பி வகை). டைரமினை ஏ, பி இரண்டுமே ஆக்சிஜனேற்றும். ஈரலில் இரண்டும் உண்டு. இன்னொரு குழாயில் கூடவே 1 மைக்ரோமோலார் செலிஜிலின் (பி-யின் தடுப்பான்) சேர்த்துப் பாருங்கள், மிச்சமும் விழ வேண்டும். அதற்காகக் குளோர்ஜிலினை மைக்ரோமோலாருக்கு ஏற்றிவிடாதீர்கள், பி-யும் அடிபடும், தேர்வுத்தன்மை போய்விடும்.

குளோர்ஜிலினை எடை போடும்போது புட்டியில் ஹைட்ரோகுளோரைடு (உப்பு வடிவம்) என்றிருந்தால் மூலக்கூறு எடை 308.6 (உப்பில்லா வடிவின் 272 அல்ல): 10 மில்லிமோலாருக்கு 1 மி.லி.க்கு 3.09 மி.கி. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தால் கட்டுப்பாட்டுக் குழாயிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. இருக்கட்டும்.

குளோர்ஜிலினுக்குப் பதில் ஃபினெல்சின் (இன்னொரு எம்.ஏ.ஓ தடுப்பான்) போடும் யோசனை வேண்டாம். ஹைட்ரசின் வகை என்பதால், எம்.ஏ.ஓ வினையில் உண்டாகும் பெராக்சைடை அளக்கும் முறையில், அளக்க உதவும் பெராக்சிடேஸ் நொதியையே கெடுத்து, பொய்யான தடுப்பைக் காட்டக்கூடும்.