செப்டம்பர் கடைசியில் பினாங்கு: வாரம் முழுக்க மழைதானா?

வானிலை ஆப்பில் ஏழு நாளும் இடிமழை காட்டுகிறது, பினாங்குப் பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தாராளமாக வாருங்கள். இங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம், ஆனால் அதற்காக நாள் முழுக்கக் கொட்டாது. பெரும்பாலும் காலையில் வெயில் கொளுத்தும், மூன்று நான்கு மணிக்கு மேல் கொடிமலை (பினாங்கு ஹில்) பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு விட்டுவிடும்.

நான் பயப்படுவது விடியற்காலை மழைக்குத்தான். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி சூறைக்காற்றோடு வரும், அன்றைக்கு பத்து பெரிங்கி கடற்கரையில் கடலில் இறங்காதீர்கள், படகும் வேண்டவே வேண்டாம். அப்புறம், கொடிமலைக்கு ஏறும் மலை ரயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். லிட்டில் இந்தியாவுக்கு மாலையில் போகலாம், காக்கி லீமா என்கிற, கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையின் கூரைக்கு அடியிலேயே கடை கடையாக நடந்துவிடலாம். மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையை மட்டும் தினமும் பாருங்கள்.