ஆயில் ஃபில்டர் ஏன் கிழிகிறது?

கேள்வி: இந்த முறை ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை மெக்கானிக் வெட்டிக் காட்டினார். உள்ளே காகிதம் ஒரு மடிப்பின் நெடுக கிழிந்திருந்தது. வண்டி ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ஆயில் விளக்கும் எரியவில்லை. அந்த ஃபில்டர் 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும், நடுவில் ஒரு தடவை ஆயிலை மட்டும் மாற்றினேன். ஃபில்டர் மட்டமா, இல்லை நான்தான் அதிக நாள் விட்டுவிட்டேனா? ஒரு ஃபில்டரை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு, ஆனால் கிழிந்ததைத் தெரிந்துகொள்ள ஏறக்குறைய அது ஒன்றுதான் வழி. ஆயில் விளக்கு எரியவில்லை என்கிறீர்கள், எரியாதுதான். அந்த விளக்குக்குப் பார்க்கத் தெரிந்தது அழுத்தம் மட்டும், அதன் சுவிட்ச் பெரும்பாலான எஞ்சின்களில் ஆயில் ஃபில்டரைத் தாண்டி வெளிவரும் பக்கம் இருக்கிறது. காகிதம் கிழிந்தால் ஆயில் இன்னும் சுலபமாகப் போகுமே தவிர அழுத்தம் குறையாது. சத்தம் வராது, புகை வராது. அழுக்கு ஆயில் பேரிங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும், உங்களுக்கு எதுவும் தெரியாது. இதனால்தான் இந்தக் கேள்வியைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

சரி, ஏன் கிழிகிறது? டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் செல்லுலோஸ் காகிதம், விறைப்பாக நிற்பதற்காகப் பிசின் ஊட்டி மடிப்பு மடிப்பாக மடித்து, துளை போட்ட இரும்புக் குழாயைச் சுற்றி வட்டமாக வைத்து, இரண்டு ஓரங்களையும் ஓரிடத்தில் ஒட்டியோ தகட்டால் கவ்வியோ இணைத்திருப்பார்கள். டப்பாவின் வாயில் நடுத்துளையைச் சுற்றியுள்ள சின்னத் துளைகள் வழியாக நுழையும் ஆயில் காகிதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து ஊடுருவி, நடுக்குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகிறது. எப்போதும் வெளியிலிருந்து உள்ளே தள்ளும் அழுத்தம். அழுக்கு சேரச் சேர வெளிப்பக்க அழுத்தத்துக்கும் உள்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் கூடும், காகிதம் தாங்க வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

இந்த வித்தியாசம் உச்சத்துக்குப் போவது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது. ஆயில் கெட்டியாக இருக்கும், காகிதத்தில் சட்டென்று ஊடுருவாது, பம்ப் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். இதற்காகவே பைபாஸ் வால்வு என்று ஒன்று உண்டு. பல ஃபில்டர்களில் வித்தியாசம் 1 பார் அளவை ஒட்டி வரும்போது அது திறந்து ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும், எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அது மேல். ஆனால் ஸ்டார்ட் செய்த மறு விநாடியே ஆக்சிலேட்டரை முறுக்கினால், அல்லது கையேட்டில் சொன்னதைவிட கெட்டியான கிரேடு ஊற்றியிருந்தால், அல்லது வால்வே கசடு பிடித்து இறுகியிருந்தால், அந்தத் தள்ளல் முழுவதும் காகிதத்தின் மேல் விழுகிறது.

புதுக் காகிதம் இதைத் தாங்கும், பழசு தாங்காது. 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் மாதக்கணக்கில் ஊறி ஊறிப் பிசின் இறுகிக் காகிதம் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆயிலில் சேரும் தண்ணீரும் அமிலமும் நாரை பலவீனமாக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், எரிபொருள் எரியும்போதே நீராவி உண்டாகிறது, அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கீழே இறங்கிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால் அது ஆவியாகி வெளியேறும், தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் அங்கேயே தங்கும். அதனால்தான் குறைவாக ஓடிய வண்டியின் ஃபில்டரும் கெட்டுப்போகிறது.

உங்கள் ஃபில்டர் மட்டமா, வயசாகிவிட்டதா என்பதைக் கையில் எடுத்தே கண்டுபிடிக்கலாம். கிழியாத ஒரு மடிப்பை விரலால் மடக்கிப் பாருங்கள். சருகு மாதிரி ஒடிந்தால் வயசு. காகிதம் இன்னும் வளைந்து கொடுக்கிறது, ஆனால் ஒட்டிய இடம் மட்டும் பிரிந்திருக்கிறது, அல்லது மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் இன்னொரு பக்கம் அகலமாகவும் இருக்கின்றன என்றால் தயாரிப்பின் மேல் சந்தேகப்படலாம். மடிப்புகள் அலை அலையாக நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் அழுத்த வித்தியாசம் அதிகமாக இருந்திருக்கிறது. டப்பாவே உப்பியிருந்தால் அது வேறு கதை, பம்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு மாட்டிக்கொண்டிருக்கிறது, உடனே பார்க்க வேண்டும். இன்னொன்று, வெட்டும்போது பிளேடு பட்டும் கிழியும். அந்தக் கிழிசலின் ஓரம் வெளுப்பாகவும் நேராகவும் இருக்கும், ஓட்டத்தில் கிழிந்தது பிசிறு பிசிறாக, ஓரத்திலும் கறுப்பேறி இருக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் கணிப்பு வயசுதான். ஆயிலை மாற்றிவிட்டு ஃபில்டரை அப்படியே விட்டது சேமிப்பே இல்லை. பழைய ஃபில்டருக்குள் நிற்கும் அழுக்கு ஆயில் புதிய ஆயிலோடு கலந்துவிடும், அப்புறம் ஏற்கனவே களைத்த காகிதம் இன்னொரு முழுச் சுற்று உழைக்க வேண்டும். இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒரு ஃபில்டர் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு, உங்களுடையது அப்படிச் சொன்னால் ஒழிய ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மினரல் ஆயிலுக்கு 5,000 முதல் 8,000 கிலோமீட்டர், சிந்தெடிக்குக்கு 10,000 அல்லது கையேடு சொல்வது, எதுவானாலும் 12 மாதத்துக்கு மேல் வேண்டாம். தூசி, குறுகிய ஓட்டம், நின்றபடியே எஞ்சின் ஓடுவது, பாரம் இழுப்பது இவற்றில் ஏதாவது உங்கள் வழக்கமென்றால் இன்னும் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

இப்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது மாட்டிய புது ஃபில்டரையும் ஆயிலையும் 1,500 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள், கிழிந்த காகிதத் துணுக்குகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம், பிஸ்டனுக்கு ஆயில் பீச்சும் மெல்லிய துளையையோ டர்போவுக்குப் போகும் குழாயையோ அவை அடைக்கக்கூடும். அந்த ஃபில்டரையும் வெட்டிக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டுவதற்கு ஃபில்டர் கட்டர் வேண்டும், ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அதன் இரும்புத்தூள் உள்ளே விழுந்து குழப்பிவிடும். மினுமினுப்பு தெரிந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ இருந்தால் பேரிங் தேய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபில்டரை டீசலில் கழுவித் திரும்ப மாட்டலாமா?

பதில்: கூடாது. காகிதத்துக்குள் சிக்கிய துகள் வெளியே வராது, காகிதம்தான் நைந்துபோகும். கழுவிப் பயன்படுத்தவே செய்யப்பட்ட எஃகு வலை ஃபில்டர்கள் தனி.

கேள்வி: மரை சரியாகப் பொருந்துகிறது என்று பெரிய ஃபில்டராக மாட்டினால் அதிக நாள் வருமா?

பதில்: மரை பொருந்தினால் மட்டும் போதாது. பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம், ரப்பர் வளையத்தின் அளவு, எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, எல்லாம் உங்கள் எஞ்சினுக்கானதாக இருக்க வேண்டும். அந்தக் கடைசி வால்வு இல்லாமலோ விறைத்தோ போனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி கடகடவென்று சத்தம் கேட்கும், ஃபில்டர் நிரம்பும்வரை மேலே ஆயில் போகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள், அதன் மேல் புதியதை மாட்டினால் மொத்த ஆயிலும் பீறிட்டு வெளியேறிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது தொடும்வரை சுற்றி, அதற்கு மேல் கையாலேயே முக்கால் சுற்று. டப்பாவின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஃபில்டர் ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும்.