ஓக் மேஜைக்கு என்ன விலை சொல்வது?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: பக்கத்து வீட்டுக்காரர் லண்டனை விட்டுப் போகிறார். ஆறு நாற்காலியோடு ஓக் டைனிங் டேபிள். 2019-இல் 2,400 பவுண்டுக்கு வாங்கியதாம், ரசீதும் வைத்திருக்கிறார், பாதி விலை கேட்கிறார். "நல்ல மரம்தானே அண்ணா, மூன்று வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது விற்றால் போட்ட காசு வந்துவிடாதா?"

வராது. 1,200 கொடுக்கவும் வேண்டாம்.

நம் ஊரில் மரத்துக்கென்றே ஒரு விலை உண்டு. பழைய தேக்குக் கட்டிலைப் பிரித்தால் ஜன்னலுக்காவது ஆகும் என்று ஆசாரி எடுத்துக்கொள்வார். பர்மா தேக்குத் தூணும் கதவும் தேடிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எங்கிருந்தோ ஆள் வருகிறது. அந்த நினைப்போடுதான் நானும் இங்கே வந்தேன். இங்கே வாங்க வருகிறவர் முதலில் கேட்பது நீளம் அகலம்தான். அப்புறம் வேனுக்கு எவ்வளவு ஆகும், தன் வீட்டுப் படிக்கட்டில் திரும்புமா என்று கணக்குப் போடுவார். மரம் எதுவென்பது கடைசியில்தான் வரும்.

ரசீதை மறந்துவிடுங்கள். ஈபேயில் அதே மாதிரி மேஜையைத் தேடி, 'விற்றவை' மட்டும் காட்டும்படி வடிகட்டுங்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் 900 என்று போட்டிருப்பது விற்பவரின் ஆசை. ஆறு வாரமாக அங்கேயே கிடக்கும். விற்றுப்போன விலைதான் விலை. நான் பார்த்தவரை, பெயர் பெற்ற தயாரிப்பு இல்லாத ஓக் செட்டுக்குப் புதிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது.

பெயர் இருந்தால் கதை வேறு. ஹை விக்கம்ப் ஊரில் செய்த எர்கால், ஜி பிளான் என்ற பெயர் போட்ட சாமான்களை மட்டும் விடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், 1960-களின் ஜி பிளான் தேக்கு சைட்போர்டில் பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல், அதாவது வினீர்தான் பெரும்பகுதி. அது போகிற விலைக்கு, முழு மரத்தில் இழைத்த விக்டோரியா காலத்து மகாகனி அலமாரி போவதில்லை. இன்றைய சின்ன ஃபிளாட்டில் அந்த அலமாரியை எங்கே வைப்பது?

பார்க்கப் போகும்போது டார்ச் கொண்டுபோய் மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேல்பலகையில் ஓடும் ரேகை விளிம்பில் திரும்பி அடியிலும் தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் மெல்லிய பட்டை ஒட்டிய கோடு தெரிந்தால் வினீர். டிராயர் இருந்தால் முழுதாக உருவிப் பாருங்கள். மூலையில் விசிறிபோல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் நல்ல வேலை, ஸ்டேபிள் அடித்திருந்தால் சுமார். காலில் குண்டூசித் தலையளவு ஓட்டையும் கீழே புதிதாக மர மாவும் இருந்தால் உள்ளே புழு அரிக்கிறது, பேசாமல் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளையாகக் கோப்பை வட்டம் பதிந்திருந்தால் பயமில்லை, பேரம் பேச நல்ல சாக்கு.

நாற்காலியைக் கவிழ்த்து, மெத்தையில் தீப்பாதுகாப்பு லேபிள் இருக்கிறதா பாருங்கள். பிரிட்டனின் 1988 தீப்பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்தது அது. வெட்டி எடுத்திருந்தால், பிற்பாடு இலவசமாகக் கொடுத்தால்கூட, பழைய பொருளை விற்று நிதி திரட்டும் அறக்கட்டளைக் கடைகள் வாங்காது.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆசையாக 700 பவுண்டுக்கு ஒரு ஓக் வார்ட்ரோப் வாங்கினேன். வீடு மாறும்போது 300 என்று விளம்பரம் போட்டேன், 150 ஆக்கினேன், கடைசி வாரம் 'இலவசம், வந்து எடுத்துக்கொள்ளவும்'. எடுத்துப்போன பையன் கதவைக் கழற்ற என்னிடமே ஸ்குரூ டிரைவர் வாங்கினான்.

உங்கள் மேஜைக்கு 350-இல் பேச்சைத் தொடங்குங்கள், 500-க்கு மேல் போகாதீர்கள். திரும்ப விற்கும்போது 200 வந்தால், மீதியை மூன்று வருடம் அதில் சாப்பிட்டதற்கு வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒன்று: அவர் சாவியை ஒப்படைக்க வேண்டிய தேதி எது என்று பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள்.