ஜவ்வு என்பது எது?

கேள்வி: என் தாயாரின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், ‘ஜவ்வு தேய்ந்திருக்கிறது’ என்றார். கால்பந்து ஆடும்போது விழுந்த என் மகனுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்றார்கள். மகனின் பாடநூலிலோ தசைநார், தசைநாண், குருத்தெலும்பு என்று மூன்று சொற்கள் உள்ளன. இவற்றுள் ஜவ்வு எது?
– வாசகி, மதுரை

பதில்: சொல் ஒன்றாக இருந்தாலும், இருவருக்கும் பழுதானவை வெவ்வேறு பகுதிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதுமையில் தேய்வது பெரும்பாலும் குருத்தெலும்பு. சமையலுக்கு வாங்கிய கோழித்தொடை எலும்பின் முனையைப் பாருங்கள். நீலம் பாய்ந்த வெண்மையில், விரல் வைத்தால் வழுக்கும்படி மூடிபோலப் படர்ந்திருப்பது அதுதான். மூட்டில் எலும்பும் எலும்பும் நேரடியாக உரசாமல் காக்கும் இந்தப் படலத்தில் இரத்தக் குழாய்களோ நரம்புகளோ இல்லாததால், தேயத் தொடங்கும் காலத்தில் வலி தெரிவதில்லை, தேய்ந்தது எளிதில் வளர்வதும் இல்லை. எக்ஸ்ரேயில் இது தெரியாது. எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி குறைந்திருப்பதைக் கொண்டே மருத்துவர் தேய்மானத்தைக் கணிக்கிறார்.

விளையாட்டில் கிழிவது தசைநாராக இருக்கலாம், அல்லது முழங்காலுக்குள் பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பாக இருக்கலாம். பேச்சுவழக்கில் இரண்டும் ஜவ்வுதான். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டும்கூட ஜவ்வுதான். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே, கிழிந்தது எது என்று ஸ்கேன் அறிக்கையைக் காட்டித் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நாரும் நாணும் மாணவர்களை மிகவும் குழப்புகின்றன. பூவைக் கட்டும் வாழைநாரைப்போல எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். வில்லின் நாணைப்போல விறைத்து, தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்ப்பது தசைநாண். குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தை இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால் தடித்த கயிறுபோல அகப்படுவது தசைநாண். அதை ‘நரம்பு’ என்று சொல்லிவிடாதீர்கள்; புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிபவையும் நரம்புகள் அல்ல, சிரைகளே.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் படிக்கும் உறவினர் மகள் இழையம், என்பு, கசியிழையம் என்கிறாள். அங்கே பாடமே வேறா?
– வாசகர், திருச்சி

பதில்: பாடம் ஒன்றே. நாம் திசு, எலும்பு, குருத்தெலும்பு என்பவற்றை இலங்கைப் பாடநூல்கள் அவ்வாறு குறிக்கின்றன. திசு என்பது, ‘நெய்தது’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த வடிவம். இழையம் அந்தப் பொருளையே தமிழில் தருகிறது. எனக்கு இழையமே உகந்ததாகப் படுகிறது.

கேள்வி: முட்டியில் சிராய்த்தால் சில நேரம் இரத்தமே வருவதில்லையே, ஏன்?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: தோலின் வெளியடுக்கான மேல்தோலில் இரத்தக் குழாய்கள் கிடையாது. காயம் அதையும் கடந்து, கீழேயுள்ள உள்தோலைத் தொட்டால்தான் இரத்தம் கசியும்.