தொடையில் பட்டை கட்டி ஓடும்போது தசையின் ஆக்சிஜன்: கேள்வி பதில்

கேள்வி: பயிற்சிக்காகத் தொடையில் காற்றுப் பட்டையை இறுக்கிக்கொண்டு ஓடினால் காலுக்கு ரத்தமே போகாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையல்ல. ரத்த வரத்து குறையுமே தவிர நின்றுவிடாது; நிற்குமளவு இறுக்கவும் கூடாது. தொடையின் மேற்பகுதியில் கட்டப்படும் காற்றுப் பட்டை, சுவர் மெலிந்த, உள்ளழுத்தம் குறைந்த சிரைகளையே முதலில் நெரிக்கிறது. தமனி ஓரளவுதான் ஒடுங்குகிறது. இதனால் வரத்து குறைவதோடு, வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதும் தாமதப்பட்டுக் காலிலேயே தேங்குகிறது.

கேள்வி: தசையில் ஒட்டும் உணரியில் ஆக்சிஜன் விழுக்காடு சட்டென்று இறங்குகிறது. அந்த எண் எதைச் சொல்கிறது?

பதில்: அந்த உணரி ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைத் தோலின் வழியே செலுத்தி, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதைக் கொண்டு கணக்கிடுகிறது, தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதமான மயோகுளோபினும் அக்கணக்கில் கலந்தே வரும். ஆகவே அந்த எண், வரத்துக்கும் செலவுக்கும் இடையிலுள்ள இருப்பையே காட்டுகிறது. பட்டை கட்டியதும் வரத்து குறைகிறது. ஆனால் வேகம் மாறாததால் தசையின் தேவை அப்படியே இருக்கிறது. எனவே கிடைக்கும் ரத்தத்திலிருந்து தசை கூடுதலான ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள, விழுக்காடு இறங்குகிறது.

பலரும் கவனிக்கத் தவறுவது, அதே உணரி காட்டும் மொத்த ஹீமோகுளோபின் அளவை. சிரை ரத்தம் தேங்குவதால் அது பெரும்பாலும் உயரும். அதாவது காலில் ரத்தம் கூடியிருக்கும்போதே ஆக்சிஜன் விழுக்காடு குறைந்திருக்கும். அந்த இரண்டு அளவுகளின் கோடுகளையும் சேர்த்துப் பார்க்காதவர் பாதிக் கதையைத்தான் படிக்கிறார் என்பது என் கருத்து. ஓட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வோர் அடியிலும் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிவதால், தேங்கிய ரத்தத்தில் ஒரு பகுதி பட்டையைத் தாண்டி மேலேறிவிடுகிறது. பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வருவதால், அந்த எண் சிறிது நேரம் ஓய்வு நிலையைவிடவும் மேலே போகலாம்.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் 97, 98 என்றே காட்டுகிறதே?

பதில்: அப்படித்தான் காட்ட வேண்டும். அது நுரையீரலிலிருந்து வரும் தமனி ரத்தத்தை அளக்கிறது. பட்டையால் நுரையீரலுக்கு எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: ஒரே வேகம், ஒரே இறுக்கம், ஆனாலும் நண்பருக்கும் எனக்கும் எண்கள் வேறுபடுகின்றன.

பதில்: ஒளி எட்டும் ஆழம், ஒளி புறப்படும் இடத்துக்கும் அதைப் பெறும் இடத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதிதான். தோலடிக் கொழுப்பு தடித்தவருக்கு உணரி தசையைக் குறைவாகவே காண்கிறது. 'ஒரே இறுக்கம்' என்பதும் சரியல்ல. தமனி ஓட்டத்தை முழுமையாக நிறுத்தும் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும்; அதை அளந்து, அதில் 40 முதல் 80 விழுக்காடு வரை வைப்பதே வழக்கம். தொடை பருத்திருந்தால் கூடுதல் அழுத்தம் தேவைப்படும்; பட்டை அகலமாக இருந்தால் குறைந்த அழுத்தமே போதும். படுத்த நிலையில் அளந்த மதிப்பு, நிற்கும்போது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் பட்டையுடன் மெதுவாக ஓடுவது, பட்டையின்றி வேகமாக ஓடுவதற்குச் சமமா?

பதில்: தசையின் எண் ஒத்துவரலாம்; உடலின் வேலை ஒத்துவராது. பட்டையால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைந்து, அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. வேக ஓட்டத்தில் மூட்டும் தசைநாரும் தாங்கும் சுமை மெதுவோட்டத்தில் கிடைக்காது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டை கட்டி நடந்தவர்களுக்கு, நிமிடத்துக்கு 50 மீட்டர் என்ற நடை வேகத்திலேயே, மூன்று வாரங்களில் தொடைத்தசையின் பருமனும் வலிமையும் கூடின. ஆகவே காயத்திலிருந்து மீள்பவருக்கும் கடும் சுமை தாங்க இயலாதவருக்கும் இது பயன்படும் என்பேன். மிக வேகமாக ஓடும்போது தசையின் ஆக்சிஜன் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால், பட்டை மேலும் இறக்குவதற்கு அதிக இடம் இருக்காது.

கேள்வி: யார் இதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: சிரையில் ரத்தம் உறைந்த வரலாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அரிவாள் செல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் தொடங்குவது நல்லது. ஓடும்போது கால் மரத்தாலோ தோலின் நிறம் வெளிறினாலோ, உணரி எந்த எண்ணைக் காட்டினாலும் பட்டையை உடனே தளர்த்திவிடுங்கள்.